புல்வெளி பார்க்கப் போய்ப் பெண் பார்த்தது

மலையூரில் குடியிருப்பவர்கள் மலையேற மாட்டார்கள். அதெல்லாம் கீழேயிருந்து வருகிறவர்கள் செய்கிற வேலை. சேலத்திலிருந்து கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்த புதிதில் நான் தினமும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மலையைப் பார்ப்பேன். அப்புறம் குளிருக்கு ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியது சாத்தியதுதான். அதற்குப் பிறகு எனக்கு ஏற்காடு என்றால் வீடு, கடைவீதியில் என் கணவரின் காபித்தூள் கடை, நான் வேலை பார்க்கிற லாட்ஜ், இவ்வளவுதான்.

லாட்ஜில் எனக்கு ரிசப்ஷனில் வேலை. சாவி கொடுப்பேன், சாவி வாங்குவேன். நடுவில் "ஹீட்டர் வேலை செய்யலை" என்று போன் வந்தால் "இதோ ஆள் அனுப்பறேங்க" என்பேன். (ஆளும் நான்தான்.) இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெங்களூரிலிருந்து வந்த ஒரு ஜோடி என் தலையெழுத்தை மாற்றியது.

"இங்கே நடக்கிறதுக்கு எங்கே போகலாம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஏரிக்குப் போங்க. போட்டிங் நல்லாயிருக்கும்."

"அதெல்லாம் பார்த்தாச்சு. ஒருநாள் முழுக்க நடக்கணும். ரொம்பக் கஷ்டமாகவும் இருக்கக் கூடாது, ரொம்ப ஈஸியாகவும் இருக்கக் கூடாது. மலைப் புல்வெளி மாதிரி ஏதாவது இருக்கா?" என்று சொல்லித் தன் போனைக் காட்டினாள்.

போனில் எங்கோ வடக்கே ஒரு மலை. பச்சைக் கம்பளம் விரித்த மாதிரிப் புல். அதில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள். நடுவில் இந்தப் பெண் தொப்பி போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. எங்கள் சேர்வராயன் மலை மட்டும் என்ன குறைச்சல்? லாட்ஜ் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் தூரத்தில், கரடியூர்ப் பக்கமாக, மொழுமொழுவென்று ஒரு பச்சைக் குன்று தெரியுமே, அது புல்வெளி இல்லாமல் வேறென்ன?

லாட்ஜில் தங்குகிறவர்களை அந்தப் புல்வெளிக்கு நடத்திக் கூட்டிப் போகலாம் என்று அன்று மாலையே முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல ரோசனைதான் சுமதி. கேக்கறவங்களுக்கு ஒரு பதில் வேணுமில்ல? ஆனா மொதல்ல உன்ற ஊட்டு ஆளுங்களக் கூட்டிட்டுப் போய்ட்டு வாம்மா. எல்லாரும் கையுங்காலும் முழுசாத் திரும்பி வந்துட்டா, அந்தப் பொறுப்ப உனக்கே குடுத்தர்றேன். ரிசப்ஷனுக்கு வேற ஆளு போட்டுக்கலாம்."

எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. சாவி கொடுக்காத ஒரு வாழ்க்கை! கழுத்தில் விசில், கையில் குச்சி, பின்னால் வரிசையாகப் பத்துப் பேர். முடிவு செய்துவிட்டேன். இனி ஏற்காட்டின் புல்வெளியை உலகத்துக்குக் காட்டுவது என் பொறுப்பு. உலகத்துக்கு இது தெரியாது, பாவம்.

திட்டம் போட ஆரம்பித்தேன். நான் திட்டம் போட்ட விதத்தைப் பார்த்திருந்தால் யாருமே நான் தோற்பேன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். போனில் மேப்பைத் திறந்து, மேலிருந்து எடுத்த படத்தில் பச்சையாகத் தெரிந்ததையெல்லாம் புல்வெளி என்று முடிவு கட்டினேன். காலையில் முதல் பஸ்ஸில் கரடியூர். அங்கிருந்து எஸ்டேட் ரோடு. பிறகு குன்று. குன்றின் மேல் புல்வெளியில் சாப்பாடு, பாட்டு, போட்டோ. சாயங்காலம் மறுபக்கம் இறங்கினால் பஸ். பழக்கப்படுத்திக்கொள்வதற்காகத் தினமும் லாட்ஜ் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். ரூம் எடுத்தவர்கள் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்து, ஆட்கள். என் கணவர் எதற்கும் மறுப்புச் சொல்கிறவரில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஒத்துக்கொள்கிறவர். அன்றும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் புல்லு எவ்வளவு ஒசரம் இருக்கும்?"

"என்னங்க கேள்வி இது? கணுக்கால் அளவு இருக்கும்" என்றேன். போட்டோவில் அப்படித்தான் இருந்தது.

அவர் தம்பி பிரகாஷ் சேலத்தில் டூ-வீலர் ஷோரூமில் வேலை பார்க்கிறவன். அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவனைப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சொல்லி மடக்கினேன். கடைசியாக மாமியார். அத்தைக்கு நடப்பதில் பிரச்சினை இல்லை. காரணம் இல்லாமல் நடப்பதில்தான் பிரச்சினை.

"சும்மா எதுக்குக் கண்ணு மலையேறோணும்? மேல கோயில் ஏதாச்சும் இருக்குதா?"

மேப்பில் குன்றின் உச்சியில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. "இருக்குதுங்க அத்தை."

"அப்பச் சரி. நொம்ப செங்குத்தா இருக்குமா?"

"இல்லீங்க அத்தை. மிதமான ஏத்தம்."

"மிதமான்னா எப்படி?"

"சுடுதண்ணியும் இல்லாம, பச்சத்தண்ணியும் இல்லாம, குளிக்கறதுக்குப் பதமா வெளாவி வச்ச மாதிரிங்க."

அத்தை திருப்தியடைந்து, கோயிலுக்கென்று தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகைப்பூ எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்தார். நல்ல நாளாகப் பார்த்து ஐப்பசியில் ஒரு புதன்கிழமையைக் குறித்ததும் அவர்தான்.

கரடியூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் பொன்னாக அடித்தது. எஸ்டேட் ரோட்டில் இரண்டு பக்கமும் காபிச்செடி, சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி. நான் முன்னால் நடந்தேன். அத்தை எனக்குப் பின்னால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாலிபப் பிள்ளை மாதிரி வந்தார். பிரகாஷ் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டே வந்தான். எல்லாம் திட்டப்படி நடந்தது. "இப்படி இருக்கும்னா நான் தினமும் வருவேன்" என்று என் கணவரே சொன்னார். (அவர் வாயை அப்போதே பொத்தியிருக்க வேண்டும்.)

குன்றின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். தூரத்தில் கம்பளமாகத் தெரிந்த புல்வெளி எங்கள் முன்னால் நின்றது. ஆமாம், நின்றது. என் கணவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தார். மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

"அண்ணி, இது புல்லுங்களா, கரும்புங்களா?" என்றான் பிரகாஷ்.

மழைக்காலம் முழுக்க வளர்ந்து நின்ற புல். அவன் தலைக்கு மேல் ஒரு முழம் போயிற்று. தாள் ஒவ்வொன்றும் பிளேடு மாதிரி. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் சாவி கொடுக்காத வாழ்க்கை அந்தப் புல்லுக்கு மறுபக்கம் காத்திருந்தது.

"ஆரம்பத்துல இப்படித்தான் இருக்கும். உள்ள போகப் போகக் குட்டையாயிரும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளாலும் புல்லை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். தலைவி போனால் தொண்டர்கள் வந்துதானே ஆக வேண்டும்?

உள்ளே போகப் போகக் குட்டையாகவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கு என் கைகூடச் சரியாகத் தெரியவில்லை. போனில் நாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டுகிற நீலப் புள்ளியை மட்டும் நம்பி நடந்தேன். பிறகு சிக்னல் போய், நீலப் புள்ளி ஒரே இடத்தில் நின்றுகொண்டது. அது நின்றது எனக்குத் தெரியவில்லை; நாம்தான் மெதுவாக நடக்கிறோம் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். அந்த நேரம் பார்த்து மூட்டம் இறங்கியது. ஏற்காட்டில் மூட்டம் இறங்கினால் யாரோ வெள்ளைப் போர்வையைத் தலைவழியாகப் போர்த்திவிட்ட மாதிரி இருக்கும்.

"எல்லாரும் வர்றீங்களா?"

"வர்றேன்" என்றது என் கணவரின் குரல், வலதுபக்கமிருந்து.

"வர்றேன் கண்ணு" என்றது அத்தையின் குரல், முன்னாலிருந்து.

எனக்குப் பின்னால் வந்த அத்தை எனக்கு முன்னால் எப்படிப் போனார் என்று இன்றுவரை விளங்கவில்லை. பிரகாஷை முன்னால் விட்டு, சட்டையோ முந்தானையோ ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, ரயில் விளையாட்டு மாதிரி நடக்க ஆரம்பித்தோம். கொஞ்ச தூரம் போனதும் காலடியில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது. எனக்கு உயிர் வந்தது.

"பாத்தீங்களா! நமக்கு முன்னாடியே யாரோ இந்த வழியாப் போயிருக்காங்க!"

"ஆமாங்க அண்ணி" என்றான் பிரகாஷ். "நான்தான்."

அத்தைக்கு முதல்முறையாகக் குரல் மாறியது. "திரும்பிப் போயிரலாமா சாமி?"

"திரும்பறதுங்கற பேச்சே இல்லைங்க அத்தை" என்றேன். வீரத்தில் சொல்லவில்லை. திரும்புவதற்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாததால் சொன்னேன். "மேல ஏறினா உச்சி வரும், கோயில் வரும். இறங்கினா ஊரு வரும். நிக்காம நடந்தா ரெண்டுல ஒண்ணு வந்தே தீரும்."

இரண்டில் ஒன்று வந்தது. புல் திடீரென்று முடிந்து, தரையும் முடிந்தது. முதலில் பிரகாஷ் கையிலிருந்த டிபன் கேரியர் போயிற்று. அது டங்டங்கென்று கீழே எங்கேயோ இறங்குகிற சத்தம் கேட்டது. "ஐயோ, புளிசாதம்!" என்று அதைப் பிடிக்கப் போனவன் அதன் பின்னாலேயே போனான். அவனைப் பிடித்திருந்த நான் போனேன். என்னைப் பிடித்திருந்த அத்தை, அத்தையைப் பிடித்திருந்த என் கணவர், எல்லோரும் வரிசை கலையாமல் செம்மண் சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு போனோம். அத்தை பூஜைப் பையை மட்டும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்தார். அதில் ஒரு பழம்கூட நசுங்கவில்லை.

ஒரு வீட்டின் கொல்லையில் போய் நின்றோம். நாலு பேரும் முழங்காலிலிருந்து முடிவரை செம்மண். வீட்டுப் பக்கத்திலிருந்து எண்ணெய்ப் பலகாரம் வேகிற வாசனை வந்தது. எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு, சுற்றி வாசல் பக்கம் போனோம். வாசலில் பெரிய கோலம். வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்தார். பிறகு இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க, வாங்க, வாங்க! என்னங்க இது, நடந்தா வந்தீங்க? ஜீப் வழியில மாட்டிக்கிச்சுங்களா? இந்த ரோடு மழைக்கு இப்படித்தானுங்க. அடடா, பெரியம்மாவெல்லாம் இப்படிச் சிரமப்பட்டு... அம்மணி, தண்ணி கொண்டா!"

அவர் பக்கத்து எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கு, வேலைக் கணக்கு பார்க்கிறவர். வாசலில் தண்ணீர் ஊற்றி நாங்கள் கைகால் கழுவுவதற்குள் அதைச் சொல்லிவிட்டார்.

"எத்தனை பேருங்க, இன்னும் யாராச்சும் பின்னாடி வர்றாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நாங்க நாலே பேருதானுங்க" என்றார் என் கணவர்.

"நாலு பேருன்னுதான் சொன்னாங்க" என்று தலையாட்டினார் ரைட்டர்.

எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. (புரிந்துபோயிற்று என்று நினைத்தேன்.) எங்கள் முதலாளிதான் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்! நாங்கள் இந்தப் பக்கம் இறங்குவோம் என்று கணக்குப் போட்டு, ஊருக்குள் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். என்ன மனுஷர்! புல்வெளி நடை, முடிவில் மலைக்கிராமத்து வீட்டில் உபசரிப்பு. நான்கூட யோசிக்காத திட்டம்.

உள்ளே புதுப் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். ரைட்டரின் மனைவி எங்கள் செம்மண்ணைப் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டார். வெறும் கையோடு ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டோமே என்று அத்தைக்குச் சங்கடம். சாமிக்கென்று கொண்டுவந்த தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகைப்பூ எல்லாவற்றையும் எடுத்து, அங்கிருந்த தாம்பாளத்தில் அழகாக அடுக்கி, அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"முறை தெரிஞ்ச குடும்பமுங்க" என்று கணவரிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

"நீங்க வருவீங்கன்னு நொம்ப நாளா எதிர்பாத்துட்டு இருக்கறமுங்க" என்றார் ரைட்டர்.

"இனிமே கவலையே படாதீங்க" என்றேன் நான், பொறுப்பாளர் தோரணையில். "வாராவாரம் வருவோம்."

"வாராவாரமுங்களா?"

"ஆமாங்க. ஒவ்வொரு தடவையும் பத்துப் பேரக் கூட்டிட்டு வருவேன்."

ரைட்டர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி சமையலறையைப் பார்த்தார். "வாங்க, அதுக்கென்ன... எல்லாம் உறவுதானே" என்றார் ரைட்டர், எச்சிலை விழுங்கிக்கொண்டு.

"தம்பி போட்டோவுல இருந்ததுக்குக் கொஞ்சம் எளச்சிருக்காப்ல தெரியுது" என்று பிரகாஷைப் பார்த்துச் சொன்னார் அந்த அம்மா. பிரகாஷ் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. அவன் முன்னால் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வைத்திருந்தார்கள். காலையிலிருந்து ஆரஞ்சு மட்டும் தின்றவன்.

அப்போது உள்ளேயிருந்து பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் காபித் தட்டோடு வந்தாள். தலை நிறையப் பூ. தட்டு லேசாக நடுங்கியது. முதலில் பிரகாஷிடம் போய்க் குனிந்தாள். அவன் காபியை எடுத்துக்கொண்டு தலையாட்டினான். அவள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, விழுந்து கும்பிட்டுவிட்டு, நிலைப்படி ஓரமாக நின்றாள்.

காபிக்காக ஒருவர் காலில் விழுந்து கும்பிடுகிற உபசரிப்பு எங்கேயாவது உண்டா என்று என் மூளையின் ஒரு மூலையில் கேள்வி எழுந்தது. மீதி மூளை எல்லாம் பஜ்ஜியில் இருந்தது.

"தம்பி, கூச்சப்படாதீங்க" என்றார் ரைட்டர். "பொண்ணுகிட்ட எதாச்சும் கேக்கோணும்னாக் கேளுங்க."

பிரகாஷ் நிமிர்ந்து பார்த்தான். நன்றாக யோசித்தான். "இன்னும் ரெண்டு பஜ்ஜி கெடைக்குங்களா?" என்றான்.

அந்தப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தையின் கை என் தொடையைக் கிள்ளியது. எனக்கு உயிர் போயிற்று.

"சுமதி" என்றார் அத்தை என் காதில். "இது பொண்ணு பாக்கற ஊடு."

நான் வாசல் கோலத்தைப் பார்த்தேன். புதுப் பாயைப் பார்த்தேன். பட்டுச்சேலையைப் பார்த்தேன். அவர்கள் தாம்பாளத்தில் எங்கள் மல்லிகைப்பூவைப் பார்த்தேன்.

என் கணவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏனுங்க, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுங்க. நாங்க வந்து..." என்று அவர் ஆரம்பித்த அந்த நொடியில் வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது.

ஜீப்பிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். முன்னால் ஒரு அம்மா, பின்னால் பெரிய மகனும் மருமகளும், கடைசியாக ஒரு செம்மண் துளிகூட இல்லாத, தலை வாரிய மாப்பிள்ளை. அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். பாயில் நாங்கள். தாம்பாளம். பட்டுச்சேலை. பிரகாஷின் வாயில் பாதி பஜ்ஜி.

"ஓகோ" என்றார். "ஒரே நாள்ல ரெண்டு மாப்பிள்ளை ஊடா? எங்களுக்கு டோக்கன் ஏதாச்சும் தர்றீங்களா, இல்ல வரிசையில நிக்கோணுமா?"

ரைட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "அப்ப நீங்க யாருங்க?" என்று எங்களைக் கேட்டார். நாங்கள் புல்வெளி பார்க்க வந்தவர்கள் என்றேன். அது எனக்கே நம்பும்படியாக இல்லை.

"புல்லுப் பாக்க வந்தவங்களுக்கு எதுக்குங்க வெத்தலை பாக்கு?" என்றார் ஜீப்பில் வந்த அம்மா. "டேய், வண்டியத் திருப்பச் சொல்லு."

அவர்கள் மறுபடியும் ஜீப்பில் ஏற, ரைட்டர் வாசலுக்கு ஓடிக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். நான் நிலைப்படியைப் பார்த்தேன். சற்று முன் சிரித்த அந்தப் பெண், கௌசல்யா, காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என் கல்யாணத்துக்கு முன்பு என்னைப் பார்க்க வந்த ஒரு வீட்டார் காபி குடிக்காமலே எழுந்து போனார்கள். அன்று சாயங்காலம் முழுக்க அப்பா நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கி வைத்துக்கொண்டிருந்தார். என்னால் வந்த வினையால் இந்த வீட்டில் அப்படி ஒரு சாயங்காலம் வரக் கூடாது. புல்வெளியாவது பொறுப்பாவது, எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

ஓடிப்போய் ஜீப்புக்கு முன்னால் நின்றேன். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை.

"அம்மா, நீங்க போறதுன்னாப் போங்க. ஆனா ஒரே ஒரு நிமிசம் கொல்லைப்பக்கம் வந்து பாத்துட்டுப் போங்க. நாங்க வந்த வழிய நீங்களே பாருங்க. பொண்ணு பாக்க வர்றவங்க யாராச்சும் அப்படி வருவாங்களான்னு அப்புறம் சொல்லுங்க."

என் முகத்தில் என்ன இருந்ததோ, அந்த அம்மா இறங்கி வந்தார். அவர் பின்னாலேயே இரண்டு மாப்பிள்ளை வீடும் ஒரு பெண் வீடும் கொல்லைக்கு வந்து நின்றது. சரிவில் நாலு பேர் வழுக்கி வந்த தடம் புதிதாக ஓடை வெட்டின மாதிரி இருந்தது.

"இது மழைத்தண்ணி போன தடம்" என்றார் அந்த அம்மா.

அப்போதுதான் பார்த்தேன். சரிவின் பாதியில் ஒரு கொய்யா மரத்தின் அடியில் எங்கள் டிபன் கேரியர் சிக்கி நின்றது. சாட்சி! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் ஏறினேன். "வேண்டாம் சுமதி!" என்று என் கணவர் கத்தினார். வேரைப் பிடித்து, கல்லைப் பிடித்து, ஒரு தடவை பாதி வழியிலிருந்து வழுக்கி வந்து, மறுபடியும் ஏறி, கேரியரைப் பிடித்துவிட்டேன். அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

"பாருங்கம்மா, புளிசாதம்! உருளைக்கெழங்கு வறுவல்! பொண்ணு பாக்கப் போறவங்க யாராச்சும் ஊட்டுல இருந்து சோறு கட்டிட்டுப் போவாங்களா?"

அசைக்க முடியாத வாதம். அதை அழுத்திச் சொல்வதற்காக ஒரு காலை முன்னால் வைத்தேன். அதுதான் தப்பு. அடுத்து எனக்குத் தெரிந்தது வானம், அப்புறம் செம்மண், அப்புறம் மறுபடியும் வானம். கேரியரின் கொக்கி கழன்றது. நான் வந்து நின்ற இடம் அந்த அம்மாவின் காலடி. எனக்குப் பின்னால் நிதானமாக வந்து சேர்ந்த புளிசாதம் என் தலையில் கவிழ்ந்தது.

என் காதுக்குள்ளிருந்து ஒரு வேர்க்கடலை விழுந்தது.

முதலில் சிரித்தது கௌசல்யாதான். பட்டுச்சேலையோடு ஓடி வந்து என்னைத் தூக்க முயன்று, அவளும் வழுக்கி என் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் பலமாகச் சிரித்தாள். அவளைத் தூக்கிவிட வந்த அந்தச் சுத்தமான மாப்பிள்ளையின் வேட்டியில் அப்போதுதான் முதல் செம்மண் ஒட்டியது. ஜீப்பில் வந்த அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு பார்த்தார். இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போய், கடைசியில் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எந்திரி சாமி, எந்திரி" என்றார் என்னிடம். "எதிர்ப் பார்ட்டியா இருந்தா எம் பையனுக்காக எவளாச்சும் இப்படி விழுவாளா? நீங்க புல்லுப் பாக்க வந்தவங்கதான். ஒத்துக்கறேன்."

அப்புறம் நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. நாங்கள் அடுத்த அறைக்கு மாறினோம். எனக்கு ரைட்டர் மனைவியின் சேலை ஒன்று கிடைத்தது. கௌசல்யா வேறு சேலை மாற்றிக்கொண்டு இரண்டாவது தடவையாகக் காபி கொண்டுவந்தாள். இந்தத் தடவை தட்டு நடுங்கவில்லை என்று அத்தை கதவிடுக்கில் பார்த்துச் சொன்னார். நாங்கள் கொடுத்த பழத்தையே எடுத்து அவர்களுக்கும் கொடுத்தார்கள். பஜ்ஜி மட்டும் தீர்ந்துவிட்டது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது மாப்பிள்ளை வீட்டு ஜீப்பிலேயே எங்களையும் ஏற்றிக்கொண்டு வந்து கடைவீதியில் இறக்கிவிட்டார்கள்.

முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "கையுங்காலும் முழுசா வந்துட்டீங்க. அது சரிதான். ஆனா புல்வெளி எங்க?" என்றார். நான் விடவில்லை. அடுத்த கோடை மழைக்குப் பிறகு, புல் புதிதாகத் துளிர்க்கிற சமயத்தில் மறுபடியும் போனேன். இந்தத் தடவை புல் கணுக்கால் அளவுதான் இருந்தது. உச்சி வரை ஏறினேன். மேப்பில் கோயில் என்று நான் நினைத்த புள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டி. (அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.) இப்போது எங்கள் லாட்ஜில் சீசனுக்குச் சீசன் அந்த நடை உண்டு. கழுத்தில் விசிலும் உண்டு.

கௌசல்யாவின் கல்யாணம் அந்த ஐப்பசிக்கு அடுத்த தையிலேயே நடந்தது. எங்களை முதல் வரிசையில் உட்கார வைத்து, வந்தவர்களிடமெல்லாம் ரைட்டர், "இவங்கதானுங்க மொத மாப்பிள்ளை ஊடு" என்று அறிமுகப்படுத்தினார். பிரகாஷுக்கு மட்டும் பந்தியில் கேட்காமலே பஜ்ஜி வந்துகொண்டிருந்தது. அந்தக் கல்யாணத்தில் ஆரம்பித்து, கதை எங்களுக்கு முன்பாகவே மலை முழுக்க நடந்து முடித்துவிட்டது.

அதை அடுத்த வருஷம்தான் தெரிந்துகொண்டோம். பிரகாஷுக்கு நிஜமாகவே பெண் பார்க்க அடிவாரத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். நான் சேலையில் சுருக்கம் விழாமல் காரில் நிமிர்ந்து உட்கார்ந்து போனேன். தரகர் முன்னால் போனார். தாம்பாளத்தை அத்தை பிடித்துக்கொண்டார். எல்லாம் முறையாக, ஒரு குறையும் இல்லாமல் வாசலில் போய் நின்றோம்.

பெண்ணின் அம்மா வெளியே வந்தார். கை கூப்பினார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். முகத்தில் சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு தெரிந்தது.

"வாங்க, வாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றார். "ஏனுங்க, நீங்க நெசமாவே எங்க ஊட்டுக்குத்தான் வந்தீங்களா?"